இன்னும்

ரஸ்தோகி ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தார்,
பின்னால் ஒரு கேள்விக்குறியோடு.
ஸ்டில்?

காலை ஏழு மணி.
கட்டபெட்டு வளைவில் எங்கள் தகரக் கொட்டகையைத் தவிர
மற்றதையெல்லாம் மேகம் எடுத்துப் போயிருந்தது.
கற்பூர மரத்து இலையை மிதித்து அடைத்து
மூடி விளிம்பில் களிமண் பூசி
எட்டு மணி நேரம் வேகவைக்கிற செம்புப் பானைக்கு
எங்களிடம் ஸ்டில் என்றுதான் பெயர்.
போஜன் முதலாளி சொல்வார், சூசை சொல்வான்,
இலை பொறுக்கி வருகிற பொம்பளைகள் சொல்வார்கள்.
அது இங்கிலீஷ் என்று யாரும் நினைத்ததில்லை.

பானையைப் படம் பிடித்தேன்.
கையைத் துடைத்துக்கொண்டு அடியில் எழுதினேன்:
யெஸ் சார். ஸ்டில். காப்பர். குட் கண்டிஷன்.

பத்து மணிக்கு கான்பூரிலிருந்து போன்.
இந்தியில் சிரித்தார், இங்கிலீஷில் கோபப்பட்டார்.
மூன்று பீப்பாய் தைலம், இருபது நாள் தாமதம்.
ஆயில் நாட் ஸ்டில் கம்மிங் என்று
போன வாரம் நான் அனுப்பியதிலிருந்துதான்
அந்தச் சொல்லைக் கிள்ளி
என் மேலேயே எறிந்திருக்கிறார்.

பில் புத்தகத்தின் கடைசித் தாளைத் திருப்பினேன்.
போனில் இருக்கும் அகராதி அவசரமே இல்லாமல் சொன்னது:
நம்முடைய ஒரே இன்னும்
அந்தப் பக்கம் போனதும் மூன்றாக உடைகிறது.
இன்னும் மழை பெய்கிறது. ஸ்டில்.
இன்னும் இலை காயவில்லை. நாட் யெட்.
இன்னும் ரெண்டு மூட்டை. மோர்.
மோரா, இந்தக் குளிரிலா என்றான் சூசை.

சிக்கல் அதோடு முடியவில்லை.
காயாத இலைக்கு ஸ்டில்லும் போடலாமாம்,
இடம் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.
நாட் யெட் என்றால், காயும், பொறுங்கள்.
ஸ்டில் நாட் என்றால்
இத்தனை நாளாகியுமா என்று பல்லைக் கடிப்பது.
அதே ஈர இலைதான்.

பழகிப் பார்க்க ஒரு வாக்கியம் வேண்டும்.
கைக்கு முதலில் வந்தது எங்கள் வீட்டுப் பட்டா.
மண்டபம் முகாமில் கொடுத்த அட்டையோடு மலையேறிய அப்பா
வருஷத்துக்கொரு மனு எழுதுகிறார்.
பதினாறு மனுவிலும் மூன்றாம் வரி ஒன்றே:
இன்னும் கிடைக்கப்பெறவில்லை.
தாலுகா ஆபீசில் முத்திரை குத்தி
நகலைத் திருப்பித் தருவார்கள், பத்திரமாக வைத்திருக்கிறார்.
யெட் போட்டு ஒரு வாக்கியம் எழுதினேன்.
ஸ்டில் போட்டு ஒன்று.
இரண்டிலும் இலக்கணம் சரியாகத்தான் இருந்தது.
மதியம் சோற்றுத் தூக்கோடு வந்த அப்பாவிடம்
உங்கள் இன்னும் எந்த இன்னும் என்று கேட்டேன்.
மனுவைத் தமிழில்தானே எழுதினேன் என்றார்,
புளிக்குழம்பு கொட்டிவிடும், நிமிர்த்தி வை என்றார்.

மூன்றரைக்கு ரஸ்தோகிக்கு எழுதினேன்.
இட் இஸ் ஸ்டில் ரெயினிங்.
அவர் ஃபயர்வுட் ஹாஸ் நாட் டிரைட் யெட்.
ப்ளீஸ் கிவ் அஸ் ஃபோர் மோர் டேஸ்.
விறகு என்றது, வெந்து இறக்கிய இலையைத்தான்.
அதை உலர்த்தித்தான் அடுத்த பானையை எரிக்கிறோம்,
அதையெல்லாம் அவருக்கு விளக்க
எனக்கு இங்கிலீஷும் போதாது, பேட்டரியும் போதாது.
நான்கு தரம் படித்துவிட்டு அனுப்பினேன்.
ஒரு மஞ்சள் கட்டைவிரல் வந்தது.

அடுப்புப் பக்கமிருந்து புகைக்குள் குரல் மட்டும்,
சூசை: இன்னும்?
ஒரு கட்டு இலையை இழுத்துக்கொண்டு ஓடினேன்.
அட, அதில்லை என்றான்,
கண்ணைக் கசக்கிக்கொண்டு,
சொட்ட ஆரம்பிக்கலையா என்று கேட்டேன்.

குழாய் வாயில் குனிந்து பார்த்தேன்.
தண்ணீர் வந்துகொண்டிருந்தது, வெறும் தண்ணீர்.
அதன்மேல் காசு அகலத்துக்கு
லேசாக மஞ்சள்.